தேன் தொட்ட கை

மார்ச் 3

மூக்கடைப்புக்காரிகள் இன்று கூடு கிழித்து வெளியே வந்துவிட்டார்கள். எள்ளளவுக் குளவிகள்.

துளைப்பான் புழு கடித்த மக்காச்சோளம் ஒரு வாசனை விடும். பெண் குளவி அதை மோந்து வந்து புழுவுக்குள் முட்டை வைக்கும். அந்த வாசனையைப் பிடிக்க ஒரே ஒரு மரபணு போதும் என்பது என் கட்சி. இவர்களிடம் அந்த மரபணுவை முடக்கியிருக்கிறேன். சோளம் எங்கே என்று தெரியாமல் திண்டாட வேண்டும்.

பஞ்சில் தேன் தொட்டு வைத்தேன். அம்மா எங்கள் ஊர் கிட்டூயியிலிருந்து அனுப்பிய தேன். கடைத்தேன் வெறும் சர்க்கரைப்பாகு, என் பெண்களுக்கு அது எதற்கு?

மார்ச் 4

குளவிகளை இரு கிளையாகப் பிரியும் கவட்டைக் குழாயில் விட்டேன். ஒரு கிளையில் புழு கடித்த செடியின் காற்று, மறு கிளையில் கடிபடாத செடியின் காற்று.

நேராகப் புழுச் செடிக்கே போனார்கள். ஒருத்திகூடத் தயங்கவில்லை.

மார்ச் 5

அதேதான். மூன்று வருஷம் பாழா?

மார்ச் 9

ஆய்வகத் தலைவர் டாக்டர் அவினோ கூப்பிட்டார். "மாசக் கடைசிக்குள்ள எதுவும் தேறலைன்னா, உன் குளவி ரூமைக் கொசு ஆராய்ச்சிக்காரங்களுக்குக் குடுத்துடலாம், என்னம்மா?" மென்மையாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 11

கொசு ஆய்வு ஒபியெரோ, அளவு நாடாவோடு வந்து நின்றான். "கோவிச்சுக்காத சியொம்புவா, எங்க கொசுக் கூண்டு நுழையுமான்னு பாத்துட்டுப் போயிடறேன்."

அளந்துகொண்டே புழுச் செடிப் பக்கம் குனிந்தவன் மூக்கைச் சுருக்கினான். "இது சோளமா, உங்கம்மா அடுப்படியா? தேனுக்குப் பேர்போன கம்பாக்காரங்க நீங்க, செடிக்கும் தேன் ஊட்டுவீங்களோ?"

"உங்க ஏரிக்கரை ஒமேனா மீன் நாத்தத்துல வளந்த மூக்கு. நீ வாசனையப் பத்திப் பேசாத."

"சரி தாயே, நீயே மோந்து பாரு."

மோந்தேன். புகை வாசத்தோடு எங்கள் வீட்டுத் தேன்.

ஐயோ, நான்தான். தினமும் காலையில் குளவிக்குத் தேன் வைத்த கையோடுதான் புழுவைச் செடியில் விடுகிறேன். கடிபடாத செடியை நான் தொடுவதே இல்லை. பாவிகள் சோளத்துக்கா போனார்கள்? சோற்றுக்குப் போயிருக்கிறார்கள்!

ஒபியெரோ நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "வாய வச்சுகிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் நான்," என்றான்.

மார்ச் 12

புதுச் செடிகள். சோப்புப் போட்டுக் கை கழுவி, புழுவைத் தூரிகையால் எடுத்து விட்டேன். அடுத்த கூட்டம் வெளிவரக் காத்திருக்கிறேன்.

மார்ச் 24

மரபணு முடக்காத குளவிகள் புழுச் செடிக்கு ஓடினார்கள். மூக்கடைப்புக்காரிகளோ கவட்டையில் நின்று உணர்கொம்பைத் துடைத்தார்கள், திரும்பி நடந்தார்கள், சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்கள். என் தங்கங்களே, அப்படித்தான், நல்லா வழி தவறுங்க!

தேனைக் காட்டினேன். பறந்து வந்தார்கள். ஆக மூக்கு முழுசாகப் போகவில்லை. அந்த ஒரு வாசனைதான் போயிருக்கிறது. நான் சொன்னது சரி.

கைப்பேசியில் அம்மா, "வழி தெரியாம நிக்கிற குளவியப் பாத்தா இவ்ளோ சிரிப்பா?" என்றாள். சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர்.

மார்ச் 31

கொசுக்காரர்களுக்குக் கிணற்றடிப் பக்கத்து அறை கிடைத்திருக்கிறது. இருட்டு அறை. ஒபியெரோ கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு என் வாசலைத் தாண்டும்போதெல்லாம் பெரிதாகப் பெருமூச்சு விட்டான்.

அவன் மேஜையில் ஒரு டின் தேன் வைத்தேன். பிறகு நன்றாகக் கை கழுவிவிட்டு, மீதிக் கூண்டுகளை நானும் தூக்கிக் கொடுத்தேன்.