புகைபிடிக்கும் ஆஸ்துமா நோயாளிக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் மறுக்கப்படுவது குறித்து

அனுப்புநர்
லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் அக்காள்,
தட்டச்சர், பள்ளி அலுவலகம்.
(பெயரும் முகவரியும் இணைப்பில் உள்ளன.)

பெறுநர்
உயர்திரு மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: புகைப்பழக்கத்தைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்ட தடுப்பு மருந்தை என் தம்பிக்கு மீண்டும் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தம்பிக்குச் சிறு வயது முதலே ஆஸ்துமா. அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் தொழில். புகைப்பழக்கமும் உண்டு. அதை நான் மறைக்கவுமில்லை, நியாயப்படுத்தவுமில்லை. அதற்காக அவன் என்னிடம் வாங்கிய திட்டுக்கு அளவே கிடையாது. தங்கள் மருத்துவமனையில் கொடுத்த ஸ்டீராய்டு இன்ஹேலரைக் காலையும் மாலையும் தவறாமல் இழுத்து, வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தான்.

2. நெஞ்சகப் பிரிவுக்குப் புதிதாக வந்த மருத்துவர், சென்ற மழைக்காலத்தில் அவனைப் பரிசோதித்தபோது, புகைபிடிப்பதுண்டா என்று கேட்டார். "உண்டு டாக்டர். குறைச்சிருக்கேன், விட முடியல" என்றான் தம்பி. "நெருப்பை வாயில வச்சுக்கிட்டு எங்கிட்ட மருந்து கேக்கறீங்களா? சிகரெட் பிடிக்கறவங்களுக்கு இந்த ஸ்டீராய்டு வேலை செய்யாது. விட்டுட்டு வாங்க, தர்றேன்" என்று சொல்லி, தடுப்பு இன்ஹேலரை நிறுத்திவிட்டார். மூச்சு திணறும்போது மட்டும் அடிக்கும் நீல நிற இன்ஹேலரை எழுதிக்கொடுத்தார். நான் அருகில் நின்றிருந்தேன்.

3. அடுத்து உள்ளே போனவர் கண்ணாடி பொருத்தும் தொழிலாளி. அவர் சட்டைப்பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்ததை வெளியில் வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தோம். அவர் அதை மனைவியின் கைப்பைக்குள் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வரும்போது கையில் புது இன்ஹேலர். தம்பியின் தோளைத் தட்டி, "ஏம்ப்பா, உள்ள போனதும் எல்லாத்தையும் கொட்டணுமா?" என்று சிரித்தார். அவர்மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவருக்கும் மூச்சு வேண்டுமே.

4. விட்டுவிட்டு வா என்றார்கள். எங்கே போய், எப்படி விடுவது? புகை நிறுத்த ஆலோசனை அறை என்று பலகை தொங்கும் அறைக்குப் போனோம். பூட்டியிருந்தது. சன்னல் வழியே பார்த்தால், உள்ளே சக்கரம் உடைந்த நாற்காலிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கேட்டதற்கு, அங்கே யாரும் நியமிக்கப்படவில்லை என்றார் வாயிற்காவலர்.

5. தம்பி தானாகவே முயன்றான். அந்த நாட்களில் அவனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வீட்டிலுள்ள கீல்களையெல்லாம் கழற்றி எண்ணெய் போட்டான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியையும் கழற்றினான். "இவரு சிகரெட்டை விடுறதுக்குள்ள வீடு தனித்தனியா வந்துடும் அண்ணி" என்று அவன் மனைவி என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, பிறகு அழுதாள். சில வாரம் தாங்கினான். மீண்டும் பற்றவைத்தான். நீல இன்ஹேலரை அடிக்கும் இடைவெளியும் சுருங்கிக்கொண்டே வந்தது.

6. பிறகு நடந்தது இது. உயரமான ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்டின் மோட்டார் அறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவனுக்கு மூச்சு அடைத்துவிட்டது. நீல இன்ஹேலரை அடித்துப் பார்த்தும் கேட்கவில்லை. லிஃப்டைப் பழுதுபார்ப்பதற்காக இவனே கழற்றிப் போட்டிருந்ததால், கீழே இறங்க லிஃப்ட் இல்லை. உருண்டை என்று எல்லோரும் கூப்பிடும் அவன் கூட்டாளி அவனை முதுகில் சுமந்து படி வழியாக இறங்கியிருக்கிறார். "வழியெல்லாம் பேசிக்கிட்டே வந்தேங்க. பாதிப் படியில அவன் பதில் சொல்றத நிறுத்திட்டான்" என்று மருத்துவமனை வாசலில் என்னிடம் சொன்னார்.

7. தங்கள் அவசரப் பிரிவில் பணியிலிருந்த பெண் மருத்துவர் அவனைக் காப்பாற்றினார். அவருக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னது: "புகைபிடிக்கிறவங்களுக்கு இந்த மருந்து கொஞ்சம் மந்தமாத்தான் வேலை செய்யும், அது உண்மை. அதுக்காக வேணாம்னு நிறுத்தக்கூடாது. அளவைப் பாத்து மாத்தணும், கூட இன்னொரு மருந்து சேக்கணும். சிகரெட்டை விட்டா நல்லா கேக்கும். விடுற வரைக்கும் மூச்சு ஓடணும்ல?" இரண்டு மருந்து சேர்ந்த இன்ஹேலரை எழுதித் தந்தார். அது தீர்ந்து, மறுபடி வாங்க நெஞ்சகப் பிரிவுக்கு வந்தபோது, முன்பு சொன்ன மருத்துவர், "எமர்ஜென்சில எழுதுனா எழுதட்டும், எங்கிட்ட நடக்காது" என்று சீட்டில் அதையும் கோடு போட்டு அடித்துவிட்டார்.

8. ஐயா, அந்த மருத்துவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. வயதானவர்களை அவர் கைபிடித்து நடத்திச் செல்வதையும் பார்த்திருக்கிறேன். பயமுறுத்தினால் என் தம்பி விட்டுவிடுவான் என்று நினைக்கிறார். நானும் அவனைப் பயமுறுத்திப் பார்த்தவள்தான். அவனுக்குப் பயம் நிறையவே இருக்கிறது, மருந்துதான் இல்லை.

9. ஆகவே, அவசரப் பிரிவு மருத்துவர் எழுதிய மருந்து என் தம்பிக்கு இன்றே கிடைக்கவும், பூட்டிய அறையைத் திறந்து அதில் ஆள் நியமிக்கவும், புகைபிடிப்பதை ஒப்புக்கொள்ளும் எவரையும் மருந்தில்லாமல் திருப்பி அனுப்பக்கூடாது என்று எழுத்துமூலம் ஆணையிடவும் வேண்டுகிறேன்.

10. இன்றே என்று நான் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. இன்று காலை என் தம்பி விரல்களில் இருந்த மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டான். "விட்டாச்சுன்னு சொல்லப்போறேன். கேட்டா நீயும் ஆமான்னு சொல்லிடுக்கா" என்றான். பொய் சொல்லத் தெரியாதவன், ஐயா. வரிசையில் எனக்கு முன்னால் உட்கார்ந்து, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முன்னால் இன்னும் சிலரே இருக்கிறார்கள். அவன் உள்ளே போவதற்குள் தாங்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப வேண்டும்.

நாள்: இன்று, திங்கட்கிழமை
இடம்: நெஞ்சகப் பிரிவு, காத்திருப்புக் கூடம்

இதைத் தங்கள் அறைக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, வரிசையிலேயே காத்திருக்கும்,
(கையொப்பம்)
நோயாளியின் அக்காள்