அம்பு அழிந்த நாலாம் கல்

அக். 10, வியாழன்

காலையில் தூறல். பக்கத்து வீட்டில் தறிச் சத்தம் இல்லை. நாளை ஆயுத பூஜை, துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பல்கலைக்கழக லேபிலிருந்து பெட்டி வந்துவிட்டது! போன வருஷம் இமயத்து ஸ்பிட்டி மலையில் நான் எடுத்த கற்களில் ஏழு. மீதி ஐந்து அடுத்த பெட்டியில். இறக்கி வைத்த ஆட்டோக்காரர்: "இன்னாமா, அம்மிக்கல்லா?"

"இல்லண்ணா, புழு வூடு."

கூலியை எண்ணிக்கொண்டே போய்விட்டார்.

உண்மையும் அதுதான். இந்தக் கற்களில் எலும்பு இல்லை, ஓடு இல்லை. ஊர்ந்த கோடும் தோண்டிய வளையும் மட்டும். இருபத்தைந்து கோடி வருஷத்துக்கு முன் கடலில் பெரும்பாலான உயிர்கள் செத்து ஒழிந்த பிறகு படிந்த சேறு. மிஞ்சியவை எப்போது தலை தூக்கின என்பதற்கு இந்த வளைகளே சாட்சி. ஆறு வருஷமாக இதே ஆராய்ச்சி. வயது முப்பத்தாறு. போன மாதம் கல்யாண வீட்டில் மாமா என்னை அறிமுகப்படுத்தியது: "பொண்ணு புழு படிக்குது."

செய்ய:
– எல்லாக் கல்லிலும் எண், அம்பு சரிபார்க்க. (எந்தப் பக்கம் மேல் என்று காட்ட, எடுத்த இடத்திலேயே மார்க்கரில் போட்ட அம்பு. அது இல்லாவிட்டால் எது முதலில் படிந்தது, எது பிறகு என்று சொல்ல முடியாது.)
– பொரி, சாம்பல் பூசணி, வாழைக்கன்று 2
– முடி வெட்ட (மூன்றாவது வாரமாகத் தள்ளல்)
– புதன் 16, காலை 11: ஆய்வுக் குழு முன் ஆன்லைனில் பேச்சு!!

பேச்சு முழுக்க நாலாம் கல்தான். அத்தியாயத்தில் எழுதியிருப்பது: கீழே வெளிர் மணல். மேலே கருஞ்சேறு. மணலிலிருந்து சேற்றுக்குள் ஏறும் குழாய்கள். அதாவது, திரும்பி வந்த உயிர்களைச் சேறு மூடியது, மேல்நோக்கித் தோண்டித் தப்பப் பார்த்தன, முடியவில்லை. அத்தியாயத்தின் பெயர் 'இரண்டாம் அமைதி'. சோகமான நாற்பது பக்கம். நன்றாக எழுதியிருக்கிறேன் என்று கொஞ்சம் கர்வமும் உண்டு.

அக். 11, வெள்ளி. ஆயுத பூஜை

குளித்துவிட்டு வந்து பார்த்தால் பூஜையில் வரிசையாக: சுத்தியல், அரிவாள்மணை, அம்மாவின் தையல் மெஷின், என் லேப்டாப், ஏழு கற்கள். கற்களுக்குச் சந்தனம், குங்குமம். பளபளவென்று இருந்தன. எண் இல்லை. அம்பு இல்லை.

"கருவாட்டு நாத்தம்பா," என்றாள் அம்மா. "எந்த லாரில கெடந்துச்சோ. உன் தொழிலுக்கு அதுதானே சாமான்? அழுக்கோட வெச்சா சரஸ்வதி ஒத்துக்குவாளா?"

"அதுல அம்பு போட்டிருந்தேன்மா!"

"எவனோ கிறுக்கி வெச்சிருந்தான். தேங்கா நாரு போட்டுத் தேய்ச்சேன், போவல. அப்பறம் உன் நெயில் பாலிஷ் எடுக்குற தண்ணிய ஊத்தினேன். சும்மா பறந்துக்கினு போச்சு."

கல்லை எடுக்கக் கை நீட்டினேன். புறங்கையில் ஓர் அடி. "பூஜையில வெச்சதத் தொடக் கூடாது. நாளைக்கு எடு."

அழுதேன். அழுதுகொண்டே இரண்டு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். சுண்டல் நன்றாகத்தான் இருந்தது.

அக். 12, சனி

வெயில். கற்கள் கைக்கு வந்தன. மலையில் எடுத்த போன் படங்களோடு ஒப்பிட்டு ஆறு கற்களுக்கு எண்ணும் அம்பும் மீண்டும் போட்டாயிற்று. நாலாம் கல்லுக்கு மட்டும் படம் இல்லை. அதை எடுத்தது சாயங்காலக் குளிரில், போன் செத்துப்போயிருந்தது.

என் ஆய்வை மேற்பார்க்கும் மேடத்துக்குப் போன். "வெளிர் மணல் கீழேன்னு அத்தியாயத்துல எழுதியிருக்கேன் மேடம். அதை வெச்சு அம்பு போட்டுடவா?"

"அம்பை வெச்சு அத்தியாயம் எழுதினே. இப்ப அத்தியாயத்தை வெச்சு அம்பு போடப் போறியா? கல்லை மட்டும் வெச்சு எது மேல்னு நிரூபி. முடியலைன்னா புதன்கிழமை அந்தக் கல்லைப் பேசாதே."

நாலாம் கல் இல்லாவிட்டால் பேச என்ன இருக்கிறது? வணக்கமும் நன்றியும்.

அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. ராத்திரிக்கு மிளகு, சுக்கு, நெய் எல்லாம் தாராளமாய்ப் போட்டு இட்லி. அவளுக்கு மன்னிப்புக் கேட்க வேறு வழி தெரியாது.

அக். 13, ஞாயிறு

பகல் முழுக்க மழை. செல்வி வந்தாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தோழி. பட்டுக் கடையில் வேலை. தறியிலிருந்து வரும் சேலையைத் தடவிக் குறை பார்ப்பாள், பின்பக்கம் நீட்டியிருக்கும் நூலை வெட்டுவாள். டிவி பார்த்துக்கொண்டே நாலாம் கல்லை மடியில் எடுத்து வைத்துத் தடவினாள். பிறகு, கண்ணை டிவியிலிருந்து எடுக்காமலே, திருப்பி வைத்தாள்.

"ஏன்டி திருப்பின?"

"பின்பக்கத்த மேல வெச்சுக்கினு கீற. கை தட்டுது பாரு, முடிச்சு முடிச்சா. இந்தாண்ட வழவழன்னு இருக்குது, இதான் முன்பக்கம்."

"கல்லு சேலை இல்லடி."

"அப்ப இன்னாத்துக்கு எங்கிட்ட காட்டின?"

நான் காட்டவே இல்லை. அவளாகத்தான் எடுத்தாள். இதில் பத்து நிமிஷம் சண்டை.

அவள் போன பிறகும் கல் அப்படியே கிடந்தது. மிச்ச இட்லியைத் தின்றுகொண்டே பார்த்தேன். இப்போது வெளிர் மணல் மேலே. குழாய்கள் கீழ்நோக்கி. அவற்றுக்குள் மணல். மணல் மேலிருந்து விழும், ஏறாது. ஏறியதாக எழுதியவள் நான், அம்பு அப்படிச் சொன்னதால்.

இட்லிக் கையைத் துடைத்துவிட்டு லென்ஸ் எடுத்தேன். ஒவ்வொரு குழாயின் சுவரிலும் மெல்லிய பூச்சு. முன்பே பார்த்ததுதான். 'நசுங்கிய சேறு' என்று அடிக்குறிப்பில் தள்ளியிருந்தேன். நசுங்கியதில்லை, பூசியது. உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் சுவர் பூசுவானா?

ஓடவில்லை. குடி வந்திருக்கின்றன! அழிவுக்குப் பிறகு நகக்கண் ஆழம்கூடத் தோண்டத் தெம்பில்லாமல் கிடந்த கடல் தரையில், சுண்டுவிரல் ஆழத்துக்கு வீடு. நான் நினைத்ததைவிட எவ்வளவோ சீக்கிரம்.

கத்திவிட்டேன். அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள்.

அம்பு எப்படித் தப்பாகப் போனது என்பதும் புரிகிறது. அந்த இடத்தில் மலை மடிந்து பாறை தலைகீழாகக் கிடந்திருக்கிறது. நான் குளிரில் விரல் விறைத்து, வானம் இருந்த பக்கம் அம்பைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அக். 14, திங்கள்

செல்வி அரை நாள் லீவு. ஸ்கூட்டரில் ஓரிக்கை. பாலாற்றில் கொஞ்சம் தண்ணீர், கரையெல்லாம் ஈர வண்டல், அதில் சின்னச் சின்ன நண்டு வளைகள். வெள்ளைச் சிமெண்டைக் கரைத்து ஊற்றினோம், ஆள் இல்லாத வளையா என்று குச்சி விட்டுப் பார்த்த பிறகு. ஒரு பெரியவர் நின்றார்.

"நண்டு புடிக்கிறீங்களாமா?"

"நண்டு வூட்ட புடிக்கிறோம் தாத்தா," என்றாள் செல்வி.

மூன்று மணி நேரம் காத்திருந்து, வண்டலோடு பாளமாகப் பெயர்த்தோம். மேலே வழவழ. அடியில் முடிச்சு முடிச்சாகக் குழாய் முனைகள். செல்வி கண்ணை மூடித் தடவி, "பின்பக்கம்," என்றாள். அவள் முகத்தில் இருந்த கர்வத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து 'இரண்டாம் அமைதி'யை அழித்தேன். நாற்பது பக்கம். விசில் அடித்துக்கொண்டே அழித்தேன். புதுத் தலைப்பு: 'குடியேற்றம்'.

அக். 16, புதன்

கொட்டுகிற மழை. 10.40க்குக் கரண்ட் போச்சு. போனிலேயே பேசினேன். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டேன்: நான் எழுதியது தப்பு. பிறகு மணல், சுவர்ப் பூச்சு, பாலாற்றுப் பாளம்.

குழுவில் மூத்தவர் கேட்டார், "தப்பா அம்பு போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"அதை அழிச்சது?"

"எங்க அம்மா சார்."

போன் திரையில் எல்லா ஜன்னலிலும் சிரிப்பு. ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொண்டார்கள்!

மேடம் கடைசியில்: "மீதி அஞ்சு கல்லும் அதே இடமா?"

"அதே இடம், அதே சாயங்காலம் மேடம்."

"அப்ப அந்த அம்பையும் நம்பாதே."

முடி வெட்டியாயிற்று.

அக். 18, வெள்ளி

மழை விட்டது. பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிறது. இரண்டாவது பெட்டி வந்தது. ஐந்து கற்கள், ஐந்திலும் தடித்த கறுப்பில் என் அம்பு, சந்தேகமே இல்லாத அம்பு. எல்லாவற்றையும் நாலு பக்கமும் படம் எடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

அம்மா வாசல் ஓரமாக நின்றாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

"நானு கிட்டயே வர்லப்பா."

நெயில் பாலிஷ் எடுக்கிற பாட்டிலையும் தேங்காய் நாரையும் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன்.

"உக்காரும்மா. நல்லா அழுத்தித் தேய்."