மூவார் கதவின் பித்தளைக் குமிழ்

என்னங்க,

அப்படித்தானே கூப்பிடுவேன்? இருந்தபோதே வாயில் வராத பெயர், போன பிறகு மட்டும் எங்கிருந்து வரும்? அடுப்படியில் உட்கார்ந்து, உங்கள் கடையின் பழைய பில்களுக்குப் பின்பக்கம் எழுதுகிறேன். நல்ல காகிதம் கண்ணில் பட்டே நாளாயிற்று.

காஜா பெராங் வீட்டில் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். காலையிலும் மரவள்ளி, மாலையிலும் மரவள்ளி. ஜப்பான்காரன் கொடி இன்னும் இறங்கவில்லை. தம்பின் ஊருக்குப் போகும் ரயில் ஞாபகம் இருக்கிறதா, ஜன்னலோரம் எனக்கா, உங்கள் காமிராப் பெட்டிக்கா என்று சண்டை போடுவோமே? அந்தத் தண்டவாளத்தையே பிடுங்கிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இப்போது அங்கே கல்லும் புல்லும்தான்.

செல்வி நன்றாகப் பேசுகிறாள். பேசுகிறாளா, வாய் மூடவே மாட்டேன் என்கிறாள்! போன மாதம் என்னிடம் கேட்டாள், “அம்மா, அப்பா எப்படி இருப்பாங்க?” உயரத்தைச் சொன்னேன். மீசையைச் சொன்னேன். செருமிக்கொண்டே வீட்டுக்குள் வருவதைக்கூடச் செய்து காட்டினேன். “மூஞ்சி எப்படிம்மா?” என்றாள். மூஞ்சியை வாயால் எப்படிங்க சொல்வது?

கொயினா மாத்திரை கிடைக்காமல் மலேரியாக் காய்ச்சலில் நீங்கள் போனபோது அவள் தளர்நடை போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன நினைவிருக்கும்? எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, உங்கள் மேல்தான். ஊர் ஊராகக் காமிராவைத் தூக்கிக்கொண்டு அலைந்த மனுஷன், தன் முகத்தை ஒரே ஒரு படம் எடுத்து வைத்தீர்களா? கல்யாணத்துக்குக்கூடப் படம் வேண்டாம் என்றீர்கள். “என் மூஞ்சிய யாரு பாக்கப் போறா?” என்று சிரித்தீர்கள். இதோ, பார்க்க ஒருத்தி இருக்கிறாள். என்ன பதில் சொல்கிறீர்கள்?

எடுத்ததெல்லாம் கதவு. அதுவும் முழுக் கதவில்லை. கீல், நாதாங்கி, தாழ்ப்பாள், சித்திரப் பலகையில் ஒரு மூலை. வாசலில் யாராவது நின்றால், “கொஞ்சம் நகர்ந்துக்குங்க” என்பீர்கள். தம்பினில் ஒரு வீட்டுக்காரர், பூட்டைப் படம் பிடித்துக்கொண்டு போய் ராத்திரி திருட வரப்போகிறான் என்று கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாரே! நான் குறுக்கே விழுந்து, “இவருக்கு வீட்டுப் பூட்டையே திறக்கத் தெரியாதுங்க” என்று சொன்ன பிறகல்லவா விட்டார்.

அந்தப் படங்களை நீங்களே பிஸ்கட் டின்னில் அடுக்கி, மெழுகு உருக்கி மூடி, கொல்லையில் புதைத்தீர்கள். “ஊருல இருக்கிற கதவு பூட்டெல்லாம் என்கிட்ட இருக்கு. ஜப்பான்காரன் பாத்தா உளவாளின்னு தலைய வாங்கிடுவான்” என்றீர்கள். மேலே மரவள்ளிக் குச்சி நட்டோம். காமிரா அவர்களிடம் போயிற்று. டின்னை நான் மறந்தே போனேன்.

உங்கள் வருஷத் திதி நெருங்கியதும் கிழங்கு பிடுங்கப் போனேன். பக்கத்து வீட்டு பீபி மீனாச்சியும் கைகொடுக்க வந்திருந்தார், தலைமுறை தலைமுறையாக மலாயே பேசும் அந்தச் செட்டி அம்மாள். வேரோடு சேர்ந்து டின்னும் மேலே வந்துவிட்டது. இருவருக்கும் உயிரே போய்விட்டது. முன்தெருவில் ஒருவரை வானொலி வைத்திருந்தார் என்று பிடித்துக்கொண்டு போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. “பாக்கார், பாக்கார்” என்றார் பீபி. எரித்துவிடு என்கிறார். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு அவருடைய மலாய் பாதிதான் புரியும். ஆனால் பயத்துக்கு என்ன மொழி?

எரித்தேன். ஆமாங்க, இந்தக் கையாலேயே. பாதிப் படங்கள் ஈரத்தில் அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தன. பீபி பிரித்துக் கொடுக்கக் கொடுக்க, நான் அடுப்பில் வைத்தேன். உங்கள் தம்பின் கதவு போயிற்று. அலோர் காஜா கதவு போயிற்று. கண்ணில் நீர் வந்ததற்குப் புகைதான் காரணம் என்று பீபியிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை.

அடுத்த படத்தை அவர் கொடுக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். “இத்து லாக்கி லு, கான்?” என்றார். உன் புருஷன்தானே இது?

மூவார் கதவு! மறந்திருக்கமாட்டீர்கள். மூவார் ஊரில் அந்தச் சீனர் வீட்டு முன்னால், அஞ்சடி நடைபாதையில் காமிராவுக்கு மூன்று கால் நாட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எல்லாம் பார்த்து முடித்தீர்கள். கதவில் பெரிய பித்தளைக் குமிழ், பச்சை பூத்துக் கிடந்தது. அந்தப் பச்சைக்காகத்தான் நீங்கள் பஸ் ஏறி, ஆறு கடந்து வந்திருக்கிறீர்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் வாசல் பித்தளை இப்படிக் கிடக்கலாமா என்று என் கை அரித்தது. நீங்கள் குனிந்து பையில் பிலிம் எடுப்பதற்குள், கட்டுச்சோற்றோடு கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து, முந்தானையால் துடைத்து, பளிச்சென்று ஆக்கிவிட்டு உங்கள் பக்கத்தில் வந்து நின்றுகொண்டேன். நீங்கள் காமிராவையே பார்த்தபடி படம் பிடிக்கும் ரப்பர் பந்தை அழுத்தினீர்கள். பிறகு நிமிர்ந்தீர்கள். அப்புறம் நடந்ததை எழுத வேண்டாம்.

“நீ தேச்ச தேய்ப்புல படம் பாழாப் போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்” என்று மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எறிந்ததாகச் சொன்ன படம் டின்னுக்குள் எப்படி வந்தது? சொல்லுங்களேன்.

நான் தேய்த்த பளபளப்பில், கண்ணாடியில் தெரிவது போல, அந்தக் குமிழுக்குள் நீங்கள் இருக்கிறீர்கள். நெல் முனை அளவு முகம், ஆனால் மீசை தெரிகிறது, இடது தோள் சரிவது தெரிகிறது. பக்கத்தில் குடையோடு நான், ஐந்து மாத வயிற்றோடு. அடுப்பை அப்படியே தண்ணீர் ஊற்றி அணைத்தேன். மிச்சம் இருந்தவற்றைத் திரும்பவும் புதைத்துவிட்டோம்.

திதியன்று அந்தப் படத்தைத்தான் வைத்தேன். உங்கள் அண்ணன் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, கதவுக்கா தெவசம் குடுக்கிற?” என்றார். கிட்டே வந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சந்தனப் பொட்டு வைக்கப் போனால் எங்கே வைப்பது? ஒரு துளி வைத்தாலும் உங்கள் முகம் மறைந்துவிடும். அதனால் கதவின் நிலையில் வைத்தேன், வெள்ளிக்கிழமை வாசலுக்கு வைப்பது போல.

செல்வியை மடியில் வைத்துக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் படத்துக் கதவை விரலால் மெல்லத் தட்டினாள். “அப்பா, தொறங்க” என்றாள்.

என்னால் அழுகையை அடக்க முடியவில்லைங்க. நீங்கள் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

இந்த ஜப்பான்காரன் சண்டை ஒருநாள் முடியும். முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமை, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு செல்வியை மூவாருக்கு அழைத்துப் போவேன். அந்தக் குமிழ் திரும்பப் பச்சை பூத்திருக்கும். நான் தேய்ப்பேன், நீங்கள் திட்டினாலும் சரி. நீங்கள் நின்ற இடத்தில் அவளை நிறுத்துவேன்.

உங்களிடம் திட்டு வாங்கிய,
செல்வியின் அம்மா