காடு பச்சையா இருக்கு

பாப்பா அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா? நாங்க இருக்கோம்.

"கடலையை நான் வந்து பிடுங்கிக்கிறேன், நீ தனியாக் கிடந்து அல்லாடாதே"ன்னு சொல்லிட்டுப் போனீங்க. காத்துக்கிட்டுத்தான் இருந்தேன். மேஸ்திரி லீவு தந்திருக்க மாட்டார், தெரியும்.

அதுக்குள்ள மழை பிடிச்சுக்கிச்சு. விட்டதும் நம்ம காட்டுக்குப் போய் ஒரு கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். முத்தின காயெல்லாம் மண்ணுக்குள்ளேயே வெடிச்சு முளைச்சிருக்கு. பக்கத்துச் செடியும் அப்படித்தான். அதுக்கப்புறம் எனக்குக் கை வரலை.

விதைக்குக்கூட ஒரு காய் தேறாது. பாப்பா என்னடான்னா, மண்ணுக்கு மேல வந்திருக்கிற முளையைப் பார்த்துட்டு, "அம்மா, மறுபடியும் விதைச்சியா?"ன்னு கைதட்டுறா. ஆமான்னு சொல்லிட்டேன்.

கோபமெல்லாம் இல்லைங்க. ஒண்ணே ஒண்ணு. நீங்க வரும்போது பஸ்ஸிலேர்ந்தே காடு பச்சைப்பசேல்னு தெரியும். பார்த்துச் சந்தோஷப்பட்டுடாதீங்க.

நீங்க சொன்னபடியே காத்திருந்த,
உங்க வீட்டுக்காரி