மேலே ஒரு துண்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று ஸ்கேல் வைத்து அளந்தேன். நான்கு சென்டிமீட்டர். வெள்ளிக்கிழமை மூன்றுதான் இருந்தது.

இடுப்பில், பாவாடை நாடா இறுகும் இடத்தில். ஓரம் சிவந்து புடைத்த வட்டம், நடுவில் ஒன்றுமே நடக்காதது போல் சாதாரணத் தோல். காம்பஸ் வைத்துப் போட்டது மாதிரி இருக்கிறது. கணக்கு டீச்சர் பார்த்தால் பத்துக்குப் பத்து போடுவார்.

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது தட்டினால் வயிறு சரியில்லை என்று சொல்ல வேண்டும்.

இதற்குப் பெயர் படை. போன வருடம் எங்கள் வகுப்பில் ஒருத்திக்குக் கழுத்தில் வந்தது. படைத்தலைவி என்று பெயர் வைத்தார்கள். அவள் உள்ளே வந்தால் எல்லோரும் எழுந்து சல்யூட் அடிப்பார்கள். நானும் அடித்தேன். மூன்று மாதம் தனி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பிறகு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

அதற்காகவா எனக்கு வந்தது? அப்படியெல்லாம் இருக்காது. இருக்காதுதானே?

ஆகஸ்ட் 6, புதன்

வீட்டில் துண்டு துவைப்பது என் வேலை. ஆறு பேருக்குப் பதினோரு துண்டு. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நான் — ஆளுக்கு ஒன்று. கை துடைக்க ஒன்று, சமையலறைக்கு ஒன்று. மீதி நான்கும் உருண்டைக்கு. உருண்டை என்பது அண்ணனின் எட்டு மாதப் பிள்ளை. இருக்கிற உடம்புக்கு நான்கே அதிகம்.

துவைப்பதில் கஷ்டம் இல்லை. சோப்புத்தூளைக் குறைவாகப் போட வேண்டும். அள்ளிக் கொட்டினால் துண்டு மொடமொடவென்று ஆகி, தண்ணீரை உறிஞ்சாமல் உடம்பில் வழுக்கிக்கொண்டு போகும். மூன்று முறை அலச வேண்டும். பிழிந்த பிறகு இரண்டு நுனியையும் பிடித்துப் படார் என்று உதற வேண்டும். உதறினால்தான் நூல் எழுந்து நிற்கும், மெத்தென்று இருக்கும்.

காயப்போடுவதில்தான் சட்டம் அதிகம். மாடியில் மூன்று கொடி. தெருப்பக்கக் கொடியில் சட்டை, துண்டு. நடுக்கொடியில் போர்வை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கும் கொடியில் எங்கள் உள்பாவாடை, மற்றதெல்லாம். அதையும் சும்மா போடக் கூடாது. மேலே ஒரு துண்டு போட்டு மூட வேண்டும். மறந்தால் அம்மா கீழிருந்தே கத்துவாள்: "மேல ஒரு துண்டு போடுடி! ஊருக்கே கண்காட்சி வைக்கிறியா?" அங்கே வெயிலும் வராது. காலையில் எடுத்துப் போட்டுக்கொண்டால் இடுப்பில் சில்லென்று இருக்கும். பள்ளிக்குப் போகும் வழியில் உடம்பிலேயே காய்ந்துவிடும்.

இன்று என் துண்டையும் தொட்டிக்குப் பின்னால்தான் போட்டேன். சொறிந்த இடத்தில் கசிந்து, துண்டில் புள்ளி புள்ளியாகக் கறை. மூடுவதற்குக் கையில் மிச்சம் இருந்தது உருண்டையைக் குளிப்பாட்டிச் சுற்றுகிற வெள்ளைத் துண்டு ஒன்றுதான். அதையே மேலே போட்டேன். நன்றாக மறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

மூன்று நாளாக மழை. எதுவும் காயவில்லை. வீடு முழுக்க ஈர வாடை. ஐந்தரை சென்டிமீட்டர்.

ஆகஸ்ட் 11, திங்கள்

உருண்டையின் முதுகில் ஒரு வட்டம்.

அண்ணிதான் முதலில் பார்த்தாள். "அத்தை, இங்க பாருங்களேன், என்னமோ செவசெவன்னு இருக்கு."

"நீ வாங்கிட்டு வந்த அந்த வாசனை சோப்புதான். நான் அன்னிக்கே சொன்னேன்."

"மூணு மாசமா அதே சோப்புதான் அத்தை போடறேன்."

"அப்ப உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்தியே, அங்க ஒட்டியிருக்கும். அங்க எல்லாரும் ஒரே துண்டுல முகம் துடைப்பாங்க. நான் பாத்திருக்கேன்."

அண்ணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். நான் துண்டு மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அதே வட்டம். ஓரம் சிவப்பு, நடுவில் சாதாரணத் தோல். வெள்ளைத் துண்டு. நான்தான். நான்தான் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

திங்கட்கிழமையே மருந்துக்கடைக்காரரைக் கேட்டு அண்ணன் ஒரு களிம்பு வாங்கி வந்தான். இரண்டு நாள் அடங்கியது போல இருந்தது, இன்று வட்டம் பெரிதாகிவிட்டது. உருண்டை இரவெல்லாம் நெளிகிறான். அவனுக்குச் சொறியத் தெரியாது. முதுகைத் தரையில் தேய்க்கிறான்.

சாயங்காலம் மறுபடி சண்டை. அம்மா ஒரு சொல், அண்ணி ஒரு சொல். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். "பாத்தியா? துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடறான்" என்று அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

என் துண்டை வெந்நீரில் தனியாக முக்கி வைத்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "வெந்நீரா? யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றாள். மை கொட்டிவிட்டது என்று சொன்னேன். பொய் சொன்னால் எனக்குக் காது சிவக்கும். நல்ல வேளை, தலை பின்னாமல் விரித்திருந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

தோல் டாக்டரிடம் போனோம். துணிப்பையைத் தூக்க என்னையும் கூட்டிப் போனார்கள்.

டாக்டர் அம்மா உருண்டையின் முதுகைப் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். படை. கடைக் களிம்பைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார். "இது அமுக்கி வெச்சுப் பெருசாக்கும். கேக்காம வாங்கிப் போடாதீங்க." பிறகு, "குழந்தைக்கு இது தானா வராது. வீட்ல வேற யாருக்கு இருக்கு?"

"எங்க வீட்ல யாருக்கும் கிடையாதுங்க" என்றாள் அம்மா. அவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

டாக்டர் அண்ணியின் கையைத் திருப்பிப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அடுத்து என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். பார்க்கவில்லை. "எல்லாத் துண்டையும் வெந்நீர்ல துவைங்க, நல்லா வெயில்ல போடுங்க, யாரும் யாரோடதையும் தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

படியிறங்கும்போதே அம்மா ஆரம்பித்தாள். "நான் சொன்னேன்ல? நம்ம வீட்ல இல்லன்னா வேற எங்க இருந்து வரும்?"

அண்ணி நின்றாள். "திங்கக்கிழமை நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன் அத்தை. குணமானா வரேன். இல்லன்னா அங்கயே இருந்துக்கறேன்."

பஸ்ஸில் வழி முழுக்க அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். உருண்டை என் விரலைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

சொல்லிடு. சொல்லிடேன். வாயைத் திறந்தா என்ன, செத்தா போயிடுவே? டாக்டர் கேட்டாங்க, பக்கத்துலதான் நின்னே, வாயில என்ன வெச்சிருந்தே?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நன்றாக வெயில் அடித்தது. தொட்டிக்குப் பின்னாலிருந்து என் துண்டை எடுத்துக்கொண்டு போய்த் தெருப்பக்கக் கொடியில், அப்பா துண்டுக்குப் பக்கத்தில் போட்டேன். போர்வை காயப்போட வந்த அம்மா கறையைப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"எனக்குத்தாம்மா படை. உருண்டைக்கு என்கிட்ட இருந்துதான் வந்தது. அவன் துண்டை என் துண்டு மேல போட்டேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து மாடியைப் பார்த்தாள். "மெதுவா பேசு." அங்கே யாரும் இல்லை. "எங்க?" காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"சரி, மூடு. அண்ணிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"நீ சொல்ல மாட்டேம்மா."

இதை நானா சொன்னேன் என்று இப்போது கூட நம்ப முடியவில்லை. கீழே ஓடினேன். அண்ணி கட்டிலில் பையை வைத்து, உருண்டையின் சட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அண்ணி ஒரு சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். "இதுக்கா ஒரு வாரமா எங்க அம்மாவை எல்லாம் இழுத்துத் திட்டினாங்க? நீ பக்கத்துல உக்காந்து துண்டு மடிச்சிட்டு இருந்தே."

"ஆமா அண்ணி."

"போ இங்கருந்து. உன்னைப் பாத்தா கோவம் வருது."

போனேன். சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. ஆனால் பை காலியாகி அலமாரி மேலே ஏறியிருந்தது. ராத்திரி சாப்பிடும்போது தண்ணீர்ச் சொம்பை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பள்ளிக்கு லீவு. அம்மாவும் நானும் மட்டும் டாக்டரிடம் போனோம்.

டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை. எங்கே துவைக்கிறாய், எங்கே காயப்போடுகிறாய் என்று கேட்டார். கொடி, தொட்டி, மேலே போடும் துண்டு எல்லாம் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டார்.

"ஈரத்துணி மேல இன்னொரு ஈரத்துணியா? அதுவும் நிழல்ல? உனக்கு வராம யாருக்கு வரும்? முதல்ல அதை வெயில்ல போடு. வெக்கமெல்லாம் துணிக்குக் கிடையாது."

நான் அம்மாவைப் பார்க்கவில்லை. டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே, "வேற யாருக்கும் இல்லயே?" என்றார்.

அம்மா முந்தானையை இழுத்து இடுப்பை மூடினாள். பிறகு என்னிடம், "நீ கொஞ்சம் வெளிய இரு" என்றாள். நான் கதவு வரைக்கும் போனேன். பின்னால் அம்மாவின் குரல், கடையில் கடன் கேட்பது போல அவ்வளவு சின்னதாக:

"எனக்கும் பாத்துடுங்க டாக்டர்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

உருண்டையின் வட்டம் வெளுத்துவிட்டது. எனக்கு மூன்று சென்டிமீட்டர், அரிப்பு இல்லை. அண்ணி பேசுகிறாள். நேற்று, "அம்மணி, உங்க துண்டு உலர்ந்துடுச்சு, எடுத்துக்கறீங்களா?" என்றாள். குத்தல்தான். பரவாயில்லை.

அண்ணியிடம் அம்மா மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. அந்த வாசனை சோப்பு தீர்ந்துபோனதும் அதையே இரண்டு வாங்கி வந்து வைத்தாள்.

அம்மாவுக்கு இடுப்பைச் சுற்றி வந்து, முதுகில் கை எட்டாத இடம் வரை போயிருக்கிறது. ராத்திரி கதவைச் சாத்திவிட்டு நான்தான் களிம்பு போட்டுவிடுகிறேன். முதல் நாள் கேட்டேன்.

"எத்தனை நாளாம்மா?"

"நீ எட்டாவது படிக்கறப்ப வந்தது."

நான் இப்போது பத்தாவது.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தடவறதைத் தடவு."

ஆறு வாரம் விடாமல் போட வேண்டும், அரிப்பு நின்றவுடன் நிறுத்தினால் திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அம்மா இன்றைக்கே, "அதான் நின்னுடுச்சே, போதும் விடு" என்றாள். திரும்பி உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். இன்னும் ஐந்து வாரம்.