கம்மலைப் பார்க்கச் சொன்ன அருளப்பனுக்கு

அன்பு அருளப்பா,

உனக்கு ஒரு செய்தி. நீ உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டதும் கையிலிருக்கும் டீ கிளாஸைச் சத்தமாகக் கீழே வைத்திருப்பாய். உன் மகள் பிரின்சி சென்னையில் டிவி பாட்டுப் போட்டியில் பாடுகிறாள். ஆமாம், அதே போட்டிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சக்குபள்ளத்தில் உன் வீட்டில் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வாரம்கூட விடாமல் பார்த்து, ஒரு வாரம்கூட நம்பாமல் நீ ஏசிய அதே போட்டி.

நீ இருந்தவரை அவள் விண்ணப்பிக்கவில்லை. உன் வருஷப் பூசை முடிந்த பிறகுதான் போனாள். அவள் அம்மா செல்வராணி தடுக்கவில்லை. என்னிடம் கேட்டார்கள். போகட்டும் என்றேன். சொல்லும்போதே எனக்குள் சந்தேகம் இருந்தது. அவள் பாட்டின் மேல் அல்ல. அங்கே பாடப் போகும் ஒவ்வொரு பிள்ளையும் பாட்டோடு ஒரு சோகக் கதையும் கொண்டுபோக வேண்டும். பிரின்சியிடம் இருந்த ஒரே சோகம் நீதான்.

நீ போன பிறகும் டிவி மாறவில்லை. சீரியலில் இன்னமும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் எல்லா ரகசியத்தையும் கேட்கிறார்கள். "கதவு இல்லாட்டி இவனுகளுக்குக் கதை எழுதவே வராது மச்சான்" என்பாயே, அதே கதவு. சமையல் போட்டியில் நடுவர்கள் சோறு நாக்கில் படுவதற்கு முன்பே கண்ணை மூடி ரசிக்கிறார்கள். எல்லா டிவியிலும் சேர்த்து நீ நம்பியது ஒரே ஒரு மலையாளத் தொடரைத்தான். ஏன் என்று கேட்டதற்கு, "அந்த வீட்ல அழுக்குப் பாத்திரம் கெடக்கு, பாத்தியா? அதை எடுக்கிறவன் பொய் சொல்ல மாட்டான்" என்றாய். அதுவும் முடிந்துவிட்டது. இப்போது எந்தத் தொடரிலும் அழுக்குப் பாத்திரம் கிடையாது.

பாட்டுப் போட்டியில் உன் பச்சைச் சேலைக்காரியும் அப்படியேதான் இருக்கிறாள். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, யார் பாடினாலும் முந்தானையால் கண்ணைத் துடைப்பாளே, அவளேதான். ஒருத்திக்கு அழுத அழுகையை வெட்டி இன்னொருத்திக்கு ஒட்டுகிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்தது நீதான். "மொகத்தப் பாக்காத மச்சான், மொகம் ஏமாத்தும். காதுல கெடக்குற கம்மலப் பாரு" என்றாய். நான் சிரித்தேன். மழை அறிவிப்பையே நம்பாதவன் நீ. கிரிக்கெட்டில் மழை வந்தால் அதையும் யாரோ ஏற்பாடு செய்தார்கள் என்பாய்.

பிரின்சி தேறிக்கொண்டே போனாள். வார்டு மெம்பர் ஃப்ளெக்ஸ் வைத்தார். அதில் அவர் படம் பெரிது, அவள் படம் சின்னது. நம் ஊர் கேரள எல்லைக்குள் இருப்பதால், டிவியில் அவளை "கேரளத்துக் குயில்" என்று அறிமுகம் செய்து, ரெண்டு வார்த்தை மலையாளம் பேசச் சொன்னார்கள். வீட்டில் தமிழைத் தவிர வேறு பேசாத பிள்ளை. பேசினாள்.

பிறகு கதை எடுக்க டிவியிலிருந்து ஆள் வந்தது. கிஷோர் என்று ஒரு பையன், கூடவே கேமராவோடு ஒருவர். நல்ல பையன்தான், பூட்ஸை வாசலிலேயே கழற்றினான். செல்வராணிக்கு அன்று தோட்டத்தில் காயெடுப்பு. அங்கேயே போனோம். ஏலச்செடியின் அடியில் குத்தவைத்து, தரையோடு கிடக்கும் சரத்தில் காயைப் பறித்துக்கொண்டிருந்தாள். கேமராக்காரர் குனிந்தார், படுத்தார், கடைசியில் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"ஒண்ணுமே தெரியல கிஷோர். இலதான் தெரியுது. அம்மா எங்க இருக்காங்கன்னே தெரியல."

"அம்மா, நீங்க கொஞ்சம் நின்னுக்கிட்டுப் பறிக்க முடியுமா?"

"நின்னா காய் எப்படிப்பா கைக்கு வரும்? அது என்ன மாங்காயா?"

அவர்கள் தனியாகப் போய்ப் பேசினார்கள். பிறகு அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். நானும் ஏறிக்கொண்டேன். உன் மனைவியின் முதுகில் ஒரு கூடையைக் கட்டி, சரிவில் நிறுத்தி, கொழுந்து பறிக்கச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து ஏலத்தைத் தவிர வேறெதுவும் தொடாதவள். பக்கத்தில் கத்தரியால் இலை வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஏக்கா, கூடையெல்லாம் எங்க பாட்டி காலத்தோட போச்சு. எந்த ஊருக்கா நீங்க?"

"சக்குபள்ளம். ஏலத்தோட்டம்."

"அதான் முத்துன எலையாப் பாத்துப் பறிக்கிறீங்க. எல நிறுக்கிற கணக்கப்பிள்ளை பாத்தா ஒங்களையும் சேத்துத் திருப்பி அனுப்பிருவாரு!"

செல்வராணியும் சிரித்துவிட்டாள். சிரிக்காமல் இன்னொரு தடவை பறிக்கச் சொன்னார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் கிஷோர் உன் படத்துக்கு எதிரே உட்கார்ந்தான். "அங்கிள் ரொம்ப ஆசப்பட்டிருப்பாருல்ல, பிரின்சிய ஸ்டேஜ்ல பாக்கணும்னு?"

"அவரா? இந்தப் புரோகிராமுக்குப் போனா கால ஒடிப்பேன்னாரு" என்றாள் செல்வராணி.

அவன் கொஞ்சம் யோசித்தான். "அது வேண்டாம்மா. ஆசப்பட்டாரு, பாக்காமலே போயிட்டாருன்னு வச்சுக்கலாம். பிரின்சியும் மேடையில அதையே சொல்லட்டும்."

"வச்சுக்கலாமா? எங்க வச்சுக்கிறது தம்பி? நீங்க போயிருவீங்க, நாங்கதான இங்க அவரோட இருக்கணும்?"

பொய்தானே தம்பி என்று நான் கேட்டேன். "பொய் இல்ல சார், ஃபீல்" என்றான். பத்திரிகைக்காரனாக எத்தனையோ அரசியல்வாதிகளிடம் பேட்டி எடுத்தவன் நான். இவ்வளவு சுருக்கமான பதிலை யாரும் சொன்னதில்லை.

அன்றே பிரின்சியைப் போனில் பிடித்தேன். அப்படி ஒரு வார்த்தையைச் சொல்வாயா என்று கேட்டேன். "பாப்போம் மாமா" என்றாள். அந்தப் பதிலை நான் நம்பவில்லை. மந்திரிகள் மறுக்க மனமில்லாதபோது அப்படித்தான் சொல்வார்கள். உன் வாழ்க்கையில் நீ ஒரு கருத்தை மாற்றாமல் வைத்திருந்தாய் என்றால் அது அந்தப் போட்டியைப் பற்றியது. அதை உன் மகள் வாயாலேயே மாற்றப் பார்க்கிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஒளிபரப்பான அன்று உன் வீட்டில், நீ உட்காரும் நாற்காலியை விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் தேயிலைச் சரிவு, கூடையோடு செல்வராணி. பிறகு பிரின்சி பாடினாள். பாடி முடித்ததும் தொகுப்பாளர் அப்பாவைப் பற்றிக் கேட்டார். அவள் வாயைத் திறந்தாள். உடனே வயலின். அவள் முகம் பெரிதாக வந்தது, கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. பச்சைச் சேலைக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினாள். நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மகளை மேடையில் பார்க்கும் ஆசை நிறைவேறாமலே போன ஒரு தந்தை" என்று ஒரு குரல் சொன்னது. அவள் குரல் அல்ல.

பிரின்சி அதைச் சொல்லிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அப்புறம் உன் ஞாபகம் வந்தது. அந்தப் பகுதியைச் செல்போனில் மறுபடி போட்டு, முகத்தை விட்டுவிட்டுக் காதைப் பார்த்தேன். பாடும்போது பெரிய ஜிமிக்கி. அழும்போது சின்னத் தோடு, மாதா கோயிலில் அவளுடைய உறுதிபூசுதல் சடங்குக்கு நீ வாங்கிக்கொடுத்தது.

பிரின்சியை அழைத்தேன். "அழுதப்ப ஏன்மா காதுல ஜிமிக்கி இல்ல?"

"ஐயோ மாமா, அப்பா மாதிரியே கேக்குறீங்களே!"

அது மேடையேறுவதற்கு முன்னால் மேக்கப் அறையில் எடுத்ததாம். அன்று காலையில் அம்மா போனில் தேயிலைத் தோட்டக் கதையைச் சொல்ல, கணக்கப்பிள்ளை வரை வந்ததும் இவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரிப்பு. அறையில் கேமரா ஓடியது தெரியாதாம். "ஆமா, வயித்தப் புடிச்சுக்கிட்டுல்ல சிரிச்சா" என்றாள் பக்கத்திலிருந்த செல்வராணி. ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து நான் செய்தி எழுதுவதில்லை, உனக்குத் தெரியும். இப்போது இரண்டு பேர்.

"சரி, மேடையில என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். எங்கப்பா இந்தப் புரோகிராம ஒரு வாரம்கூட விட மாட்டாரு, ஒரு வாரம்கூட நம்ப மாட்டாரு. அந்தப் பச்சச் சேல அக்கா யாரு பாடுனாலும் அழுவாங்கன்னு சொல்வாருன்னேன். எல்லாரும் சிரிச்சுட்டாங்க மாமா. அந்த அக்காவுக்குத்தான் அடக்கவே முடியல."

போனை வைக்காமல், சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு செல்வராணியின் செல்போனில் மூன்றாம் முறை பார்த்தேன். வயலின் இல்லாமல் பார்த்தால் எல்லாம் தெளிவாக இருந்தது. முந்தானைக்குப் பின்னால் அந்த அம்மாள் சிரிக்கிறாள். நடுவர் துடைத்ததும் சிரித்து வந்த கண்ணீர். அருளப்பா, ஒரு நிமிடம் அந்த அரங்கம் முழுவதும் உன் பேச்சுக்குச் சிரித்திருக்கிறது. அதை வெட்டி, ஒட்டி, உனக்கு அழுததாக ஊருக்குக் காட்டிவிட்டார்கள்.

பிரின்சி இன்னும் லைனில்தான் இருந்தாள். அடுத்த சுற்றுக்குத் தேர்வாகிவிட்டாள். ஆனால் குரலில் சந்தோஷம் இல்லை.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? நான் தேறுனது பாட்டுக்கா, அந்த அழுகைக்கா?"

இதற்கு நான் யாரிடம் போய் விசாரிப்பது? நேயர்கள் போடும் ஓட்டுகளை எண்ணுகிறவர்கள் சொல்வார்களா? சொன்னால்தான் நாம் நம்புவோமா? இப்போதெல்லாம் விலகிய சுருதியைக்கூட இயந்திரத்தில் போட்டுச் சரிசெய்துவிடுகிறார்களாம். எதை வைத்து அவளுக்கு உறுதி சொல்வது? எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். கோயிலில் பாடிவிட்டு வரும் ஒவ்வொரு ஞாயிறும் நீ அவளிடம் சொன்னது. அதையே சொன்னேன்.

"சரணத்துல ஓடுறம்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவதுபோல ஒரு ஓசை வந்தது. சிரித்தாளா, அழுதாளா தெரியவில்லை. போனில் கம்மலைப் பார்க்க வழியில்லையே.

அவள் ஓடினாள், அருளப்பா. சரணத்தில் தாளத்துக்கு முன்னால், நீ கோபப்படும் அதே இடத்தில். எல்லாவற்றையும் திருத்தியவர்கள் அதைத் திருத்தவில்லை. அன்று திரையில் கலப்படம் இல்லாமல் வந்தது அது ஒன்றுதான்.

அடுத்த சுற்றையும் நம்பாமல்தான் பார்க்கப்போகிறேன். ஆனால் அவள் பாடும்போது மட்டும் கம்மலைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். மறுபடி ஓடினால், உன் பங்குக்கும் சேர்த்து நானே ஏசுவேன். இது சத்தியம்.

பெண் கொடுக்காமலும் எடுக்காமலும், ஒரே டிவிக்கு முன்னால் உட்கார்ந்து உறவான
உன் மச்சான்,
ஞானராஜ்