முரசு ஒலிக்காத மாலை

லிம்பே
செவ்வாய் இரவு

அன்புள்ள எஸ்னாத் அக்காவுக்கு,

லோனிகா எழுதுவது. நீயும் அத்தானும் லுசாகாவில் நலமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மா தூங்கட்டும் என்று காத்திருந்து எழுதுகிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் பார்ப்பார்கள். அதனால் காலையில் தேயிலை லாரி ஓட்டுநர் ஒருவரிடம் கொடுத்தனுப்பப் போகிறேன்.

அப்பா வானொலியில் மாலைச் செய்தியை எப்படி முடிப்பார் என்று உனக்குத் தெரியும். கடைசிச் செய்தியை வாசித்ததும் கையைத் தூக்குவார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் யூனிஸ் அத்தை முரசு இசைத்தட்டைப் போடுவார். முரசு ஓய்ந்த பிறகுதான் மரண அறிவிப்புகள். உயிரோடு இருப்பவர்களின் செய்தியும் செத்தவர்களின் செய்தியும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அந்த முரசு.

போன வாரம் அப்பா கையைத் தூக்கவில்லை. தூங்கிவிட்டார், அக்கா. பகல் முழுவதும் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்திவிட்டு, சாப்பிடாமல் வானொலிக்குப் போயிருந்தார். கடைசிச் செய்தி, வட்டாரக் கட்சித் தலைவர் கபுதூலா பற்றியது. நாளை அவர் முலாஞ்சேயில் உள்ள தன் கிராமத்துக்கு வருகிறார், மக்கள் எல்லோரும் அவர் வீட்டு முற்றத்தில் கூட வேண்டும் என்று வாசித்தார். அப்படியே கண்ணை மூடிவிட்டார். யூனிஸ் அத்தை கைக்காகக் காத்திருந்தார். வானொலியில் சத்தமே இல்லை. விழித்த அப்பா முரசு முடிந்துவிட்டது என்று நினைத்து, “ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம், உறவினர்கள் கேட்ட இடத்திலிருந்தே புறப்பட்டு வரவும்” என்று தொடங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு வாசித்த பெயர்களை முலாஞ்சேயில் யாரும் கேட்கவில்லை. கபுதூலாதான் செத்துவிட்டார் என்று அதற்குள் பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்களாம். கபுதூலா மறுநாள் காரில் வந்து இறங்கியபோது அவர் வீட்டு நாற்காலிகள் வெளியே கிடந்தன. பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். குழி பாதி தோண்டியாகிவிட்டது. இரண்டாவது மனைவியின் தம்பி தையல் மெஷினைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தானாம். ஒரு கிழவி அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், “பொணம் பின்னால வர்ற வண்டியிலயா ஐயா?” என்று கேட்டிருக்கிறாள். முதலில் கேட்டபோது நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் யார் யார் அழவில்லை என்று பார்த்துக்கொண்டாராம். அவர்களில் சிலர் இப்போது வீட்டில் இல்லை.

அப்பா வேண்டுமென்றே செய்தார் என்று கபுதூலா சொல்கிறார். கட்சி ஆட்கள் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை அப்பா அதை வானொலியில் வாசிக்க வேண்டும். தலைவரை அவமானப்படுத்த யூனிஸ் அத்தைதான் திட்டம் போட்டார், முரசை நிறுத்தச் சொன்னதும் அவர்தான் என்று அதில் எழுதியிருக்கிறது. வாசித்தால் அப்பாவை விட்டுவிடுவார்களாம்.

அம்மா கெஞ்சியது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அப்பா குரலை உயர்த்தாமல்தான் பதில் சொன்னார்.

“முப்பது வருஷமா குடுத்ததையெல்லாம் வாசிச்சிட்டேன் எலுபே. வெள்ளைக்காரன் குடுத்ததையும் வாசிச்சேன், இவங்க குடுத்ததையும் வாசிச்சேன். மழையே இல்லாத வருஷம் வெளைச்சல் அமோகம்னு வாசிச்சேன். இது ஒண்ண வாசிக்க மாட்டேன்.”

“வாசிக்கலன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா?”

“தெரியும். அதுவரைக்குமாவது என்னைத் தூங்க விடு.”

அக்கா, அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வராது.

இப்போதும் தினமும் வேலைக்குப் போகிறார். வேலையை விட்டு அனுப்பினால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று அந்தச் சனிக்கிழமை வரை வைத்திருக்கிறார்கள். அவர் குரலைக் கேட்டதும் டிக்கெட் இல்லாமலே ஏற்றிக்கொள்ளும் பஸ் கண்டக்டர் இப்போது காசு கேட்கிறாராம். பள்ளியில் பையன்கள், “ஏ லோனிகா, உங்கப்பா இன்னைக்கு யார சாகடிக்கப் போறாரு?” என்று கத்துகிறார்கள். ஆசிரியை காதில் விழாததுபோல் கரும்பலகையைத் துடைக்கிறார். வீட்டில் அப்பா களியைப் பிசைந்தபடி உட்கார்ந்திருக்கிறார், சாப்பிடுவதில்லை.

ஓடிப்போகலாம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். சாலையெங்கும் கட்சிப் பையன்கள் தடுப்புப் போட்டிருக்கிறார்கள், எங்கே போகிறாய் என்று கேட்பார்கள் என்றார் அப்பா. ஒரே ஒரு பதிலுக்குத்தான் அவர்கள் தடுப்பைத் தூக்குவார்கள், அக்கா. இழவுக்குப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். வானொலியில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இழவு என்றால் எல்லையில்கூடத் தொப்பியைக் கழற்றுவார்கள். அப்படிப் போகிறவனை மறித்தவன் வீட்டுக்கு நாளை யாரும் குழி தோண்ட வரமாட்டார்கள் என்று அவர்களுக்கும் பயம்தான்.

செத்தவர் என்று பெரியப்பா பெயரைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவரோடு அப்பா பேசிப் பல வருடம் ஆகிறது, போகவே மாட்டார். அத்தான் பெயர் என்றால் அப்பாவை மட்டும் அனுப்பிவிட்டு அம்மா இங்கேயே இருந்துவிடுவாள். மூன்று பேரும் ஒன்றாகப் புறப்பட வேண்டும் என்றால் அது உன் பெயராகத்தான் இருக்க முடியும்.

கோபப்படாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் அத்தானை வானொலி நிலையத்துக்குத் தந்தி அடிக்கச் சொல். எஸ்னாத் இறந்துவிட்டாள், தகப்பனார் கிரேஷியன் ம்பெக்கெயானி குடும்பத்துடன் உடனே லுசாகா வரவும் என்று. அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் வந்துசேர வேண்டும்.

அதை வாசிக்கப் போவது அப்பாதான். மற்ற அறிவிப்புகளோடு அதையும் அவர் மேஜையில் வைப்பார்கள். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாய் வரை வந்தது. சொன்னால் வேண்டாம் என்றுதான் சொல்வார். யூனிஸ் அத்தையைப் பற்றிய பொய்யை வாசிக்காதவர் இந்தப் பொய்யையும் வாசிக்க மாட்டார். தெரியாமல் இருந்தால் கடைசி வரை நிறுத்தாமல் வாசித்துவிடுவார். எனக்கு அவரைத் தெரியும். வாசித்து முடித்து, ஒலிபரப்பு விளக்கு அணைந்த பிறகுதான் அழுவார். லுசாகா வரும்வரை வழியெல்லாம் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன், தடுப்புகளில் அவர் முகம் உண்மையாக இருக்க வேண்டும். அது என்னால் முடியுமா என்று தெரியவில்லை. நீ அதற்காகவும் வேண்டிக்கொள்.

யூனிஸ் அத்தைக்கு ஒன்றும் ஆகாது, பெயரைச் சொல்ல ஆள் இல்லையென்றால் அவர்களிடம் இருப்பது வெறும் தாள்தான் என்று அப்பாவே அம்மாவிடம் சொன்னார்.

பேருந்து நிலையத்துக்கு நீயே வந்து நில், அக்கா. அத்தானை அனுப்பாதே. அப்பா இறங்கும்போது முதலில் உன்னைத்தான் பார்க்க வேண்டும். கடவுள் உனக்கு நூறு வயது கொடுக்கட்டும். தயவுசெய்து சீக்கிரம் செத்துப்போ.

உன் தங்கை,
லோனிகா